மழைக்கும் கீறலுக்கும் நடுவே

'ரஷோமோன்' மழையில் தொடங்குகிறது. பாதி இடிந்த பெரிய வாயில். ஓடுகளிலிருந்து தாரை தாரையாகக் கொட்டும் நீர். கூரைக்குக் கீழே ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் விறகுவெட்டியும் துறவியும். 1950இல் கியோட்டோவிலிருந்த டாயேய் ஸ்டுடியோ வளாகத்தில் இந்த வாயிலை செட்டாக எழுப்பி, தீயணைப்புக் குழாய்களால் மழை பெய்யவைத்தார் படத்தின் இயக்குநர் அகிரா குரோசாவா. ஆனால் கேமராவை அண்ணாந்து வைத்துப் பார்த்தபோது மழையைக் காணவில்லை. பின்னால் மேகமூட்டமான வெளிர் வானம். அந்த வெளுப்பில் நீர்க்கோடுகள் கரைந்துபோயின. தண்ணீரில் கறுப்பு மையைக் கலந்தார்கள். அதன்பிறகுதான் மழை மழையாகத் தெரிந்தது. குரோசாவாவே தன் வரலாற்று நூலில் இதைச் சொல்லியிருக்கிறார்.

இந்த மை மழை, படத்தை மீட்டெடுக்க உட்காருபவருக்கு ஒரு பொறி. புரொஜெக்டரில் பலமுறை ஓடிய பிரிண்டில் நெடுக்குவாக்கில் கீறல் விழும். கீறலின் பள்ளத்தில் அழுக்கு அடைந்தால் திரையில் அது கறுப்புக் கோடாக ஓடும். ஜப்பானியர்கள் இதற்கு வைத்திருக்கும் பேச்சு வழக்கு, 'படத்தில் மழை பெய்கிறது' என்பது. ஆக, பழைய 'ரஷோமோன்' பிரிண்டின் வாயில் காட்சியில் இரண்டு மழைகள் ஒன்றாகப் பெய்கின்றன. ஒன்று குரோசாவா மை கலந்து பெய்வித்தது. மற்றொன்று புரொஜெக்டர் பெய்வித்தது. இரண்டும் கறுப்பு, இரண்டும் செங்குத்து. ஒன்று இருக்க வேண்டும், மற்றொன்று போக வேண்டும்.

பழைய படங்களை ப்ளூரே, 4கே வட்டுகளுக்காகச் செப்பனிடும் வேலையை அழுக்குத் துடைப்பதாகவே நாம் பெரும்பாலும் நினைக்கிறோம். வட்டின் உறையிலும் 'பளிச்சென்ற புதிய படம்' என்ற தொனியில்தான் விளம்பரம் இருக்கும். உண்மையில் அது ஒவ்வொரு ஃபிரேமிலும் தீர்ப்புச் சொல்லும் வேலை. எது படம், எது படத்தின்மேல் காலம் படியவைத்தது என்று பிரித்தறிவதுதான் அதில் கடினமான பகுதி. துடைப்பதைக் கணினியிடம் விட்டுவிடலாம். எதைத் துடைக்கக் கூடாது என்பதை அதனிடம் விட முடியாது.

கையில் எஞ்சியது எது?

வேலையின் முதல் கேள்வி, எதிலிருந்து எடுப்பது என்பது. கேமராவுக்குள் ஓடிய அசல் நெகட்டிவ்தான் மூலம். அதிலிருந்து பாதுகாப்புக்காக ஒரு மாஸ்டர் பாசிட்டிவ் எடுப்பார்கள். அதிலிருந்து டூப் நெகட்டிவ். அதிலிருந்து தியேட்டர்களுக்கான பிரிண்டுகள். ஒவ்வொரு தலைமுறை இறங்கும்போதும் கூர்மை சற்று மழுங்கும், திரையில் தெரியும் மணிமணியான கிரெய்ன் கூடும், வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையிலுள்ள நுண்படிகள் சில காணாமல் போகும். நெகட்டிவ் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது என்று இத்தொழிலில் இருப்பவர்கள் நினைப்பது இதனால்தான்.

ஜப்பானின் பொற்காலப் படங்கள் பலவற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1950களின் தொடக்கம்வரை அங்கே படங்கள் நைட்ரேட் ஃபிலிமில் எடுக்கப்பட்டன. நைட்ரேட் எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் ஒருமுறை பற்றினால் அணைப்பது அரிது. தீப்பிடிக்காவிட்டாலும் நாளடைவில் சுருங்கும், பிசுபிசுக்கும், கடைசியில் பொடியாகும். 'ரஷோமோன்' வெளியாகுமுன்பே ஒரு கண்டத்தைத் தாண்டியது. ஒலிச்சேர்ப்பு நடந்துகொண்டிருந்த நாட்களில் ஸ்டுடியோவில் தீ மூண்டது. படத்துக்குக் கன்டினியுட்டி பார்த்த தெருயோ நோகாமி, அந்தப் பதற்றத்தைப் பிற்பாடு தன் நினைவுக்குறிப்புகளில் எழுதினார். அன்று தப்பிய நெகட்டிவ் பிறகு தப்பவில்லை. 1951இல் வெனிஸில் தங்கச் சிங்கம் வாங்கி, ஜப்பானிய சினிமாவுக்கு உலகத்தின் கதவைத் திறந்துவிட்ட படத்துக்கு இன்று அசல் நெகட்டிவ் கிடையாது. அந்தத் திறப்பின் அலை சென்னைவரை வந்தது என்பதற்கு, 'ரஷோமோன்' தந்த தூண்டுதலில் எஸ். பாலசந்தர் 1954இல் இயக்கிய 'அந்த நாள்' சாட்சி.

மற்ற படங்களின் நிலையும் இதுதான். யசுஜிரோ ஓஸுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953) நெகட்டிவ் லேபில் நேர்ந்த தீ விபத்தில் அழிந்தது. குரோசாவாவின் 'செவன் சாமுராய்' (1954) நெகட்டிவும் இல்லை. 207 நிமிடம் ஓடும் அந்தப் படத்தின் 4கே மீட்டெடுப்பை டோஹோ நிறுவனம் 2016இல் அடுத்த தலைமுறைச் சுருள்களிலிருந்துதான் செய்ய வேண்டியிருந்தது. காப்பகங்களே தப்பவில்லை. 1984இல் டோக்கியோவின் கியோபாஷியிலிருந்த தேசிய திரைப்பட மையத்தில் தீப்பிடித்து, அங்கு வைத்திருந்த வெளிநாட்டுப் படச் சுருள்கள் பல கருகின. 1986இல் சகமிஹாராவில் தனிச் சேமிப்பகம் எழுந்தது அதற்குப் பிறகுதான்.

'ரஷோமோன்' தயாரித்த டாயேய் 1971இல் திவாலானது. கைமாறி வந்த அதன் படங்கள் 2002இல் கடோகாவா குழுமத்திடம் சேர்ந்தன. 2008இல் அமெரிக்காவின் அகாதமி ஃபிலிம் ஆர்க்கைவ், டோக்கியோ தேசிய திரைப்பட மையம், கடோகாவா ஆகிய மூன்றும் சேர்ந்து மீட்டெடுப்பைத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்த மூலம், 1962இல் எடுத்த ஒரு பிரிண்ட். அசல் நெகட்டிவ் இருந்த காலத்தில் அதிலிருந்தே நேராக எடுத்தது என்பதுதான் அதன் பெருமை. இடையில் தலைமுறை எதுவும் இல்லை. ஆனால் பிரிண்ட் பிரிண்ட்தான். திரையில் போட்டுப் பார்க்கவென்றே செய்ததால் அதில் மாறுபாடு அதிகம். கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் இறுகியிருக்கும். நிழலுக்குள் நெகட்டிவ் வைத்திருந்த விவரங்களில் ஒரு பகுதி பிரிண்டுக்கு வந்துசேர்ந்திருக்காது. வராததை எந்தக் கணினியாலும் கொண்டுவர முடியாது.

1,26,720 தீர்ப்புகள்

88 நிமிடப் படம். நொடிக்கு 24 ஃபிரேம். பெருக்கிப் பார்த்தால் 1,26,720 தனிப்படங்கள். ஒவ்வொன்றையும் 4கே அளவில், அதாவது முழு ஃபிரேமுக்குச் சுமார் 1.27 கோடிப் புள்ளிகளாக ஸ்கேன் செய்தால், வழக்கமான 10-பிட் கோப்பில் ஃபிரேமுக்கு 50 எம்பிக்குச் சற்றுக் கூடுதலாகும். மொத்தம் ஆறு டெராபைட்டைத் தாண்டும்.

ஸ்கேனருக்குள் போவதற்கு முன்பே கைவேலை நிறைய. கிழிந்த துளையோரங்களை ஒட்ட வேண்டும். பழைய ஒட்டுகள் விட்டிருந்தால் மறுபடி போட வேண்டும். சுருளைக் கழுவ வேண்டும். அடித்தளத்தின் பக்கம் விழுந்த கீறலுக்கு ஓர் அழகான தந்திரம் உண்டு. அதை 'வெட் கேட்' என்கிறார்கள். ஃபிலிமின் அடித்தளம் ஒளியை எவ்வளவு வளைக்குமோ ஏறக்குறைய அவ்வளவே வளைக்கும் ஒரு திரவத்தில் நனைத்தபடி படமெடுப்பார்கள். கீறலின் பள்ளத்தைத் திரவம் நிரப்பிவிடுவதால் ஒளி அங்கே சிதறாமல் நேராகப் போகும். கீறல் கண்ணுக்கு மறைந்துவிடும். ஆனால் படம் பதிந்திருக்கும் பூச்சையே சுரண்டிய கீறலுக்கு இது உதவாது. அங்கே மறைக்க ஒன்றுமில்லை, படமே போய்விட்டது.

ஸ்கேன் ஆனபின் கணினி. 'ரஷோமோன்' வேலை கலிஃபோர்னியாவின் பர்பேங்கிலிருந்த லௌரி டிஜிட்டலில் நடந்தது. தூசி நீக்கும் மென்பொருள்களின் அடிப்படைத் தர்க்கம் எளிது. ஒரு ஃபிரேமை முன்னும் பின்னும் உள்ளவற்றோடு ஒப்பிடு; முந்தியதிலும் இல்லாமல் பிந்தியதிலும் இல்லாமல் நடுவில் மட்டும் தோன்றி மறைவது தூசி; அக்கம்பக்கத்து ஃபிரேமிலிருந்து ஒரு துண்டை எடுத்து அதை மூடு. உட்கார்ந்து பேசும் இருவரைக் காட்டும் காட்சியில் இது மாயம்போல வேலை செய்யும்.

'ரஷோமோன்' அப்படிப்பட்ட படமா? விறகுவெட்டி கோடரியைத் தோளில் சாய்த்துக் காட்டுக்குள் நடக்கும் காட்சியை எடுத்துக்கொள்வோம். கேமரா அவருடன் நகர்கிறது. கிளைகள் முன்னால் குறுக்கிடுகின்றன. இலைகளின் இடுக்கில் சூரியன் பளிச்சிட்டு மறைகிறது. ஒளிப்பதிவாளர் கஸுவோ மியாகவா கேமராவை நேராகச் சூரியனுக்கே திருப்பினார். சூரியக் கதிர் லென்ஸுக்குள் நேரே விழுந்தால் ஃபிலிம் எரிந்துவிடும் என்று பலர் அஞ்சிய காலம் அது. காட்டுக்குள் வெளிச்சம் போதாத இடங்களில் கண்ணாடிகளால் வெயிலைத் திருப்பி நடிகர்களின் முகத்தில் விழச் செய்தார். இலை நிழலும் ஒளித்துளியும் ஆடும் அந்த அசைவுதான் படத்தின் தோற்றம். ஒளித்துளி ஒன்று ஒரே ஃபிரேமில் தோன்றி அடுத்ததில் இல்லாமல் போகிறது. மென்பொருளின் கண்ணுக்கு அது தூசிக்குரிய எல்லா அடையாளமும் கொண்டது. வாயிலில் விழும் ஒவ்வொரு மழைத்தாரையும், வாளின் ஒவ்வொரு மின்னலும் அப்படியே. விட்டுவிட்டால் கணினி குரோசாவாவின் மழையை நிறுத்திவிடும், மியாகவாவின் வெயிலைத் தணித்துவிடும்.

இதை ஒரு மனிதர்தான் காட்சி காட்சியாகக் காவல் காக்க வேண்டும். சில குறிப்புகள் அவருக்குத் துணை. கீறல் ஃபிரேமுக்கு ஃபிரேம் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். மழை இடம் மாறும். கேமரா நகர்ந்தால் மழையின் சாய்வும் அதற்கேற்ப மாறித் தெரியும். கீறலுக்குக் கேமராவின் அசைவு தெரியாது. நிறமும் ஒரு சாட்சியம். பிரிண்டின்மேல் ஒட்டிய தூசி ஒளியை மறைப்பதால் திரையில் கறுப்பாகத் தெரியும். நெகட்டிவில் ஒட்டியிருந்த தூசி, பிரிண்ட் எடுக்கும்போது தன் நிழலைப் பதித்துவிட்டதால் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். வெள்ளைப் புள்ளி 1962க்கு முந்தியது. கறுப்புப் புள்ளி அதற்குப் பிந்தியது. கல்வெட்டு படிப்பவர் எழுத்தின் வடிவை வைத்துக் காலத்தைச் சொல்வதுபோல, அனுபவமுள்ள மீட்டெடுப்பாளர் அழுக்கின் நிறத்தை வைத்து அதன் வயதைச் சொல்லிவிடுவார்.

இன்னும் சில சிக்கல்களில் தீர்ப்பு எளிதல்ல. குரோசாவா ஒரு காட்சியை அடுத்த காட்சி துடைத்துத் தள்ளும் 'வைப்' மாற்றங்களை விரும்பிப் பயன்படுத்தியவர். அன்று அவற்றை லேபில் மறுபடி படமெடுத்துத்தான் செய்தார்கள். எனவே அந்த இடங்களில் மட்டும் படம் ஒரு தலைமுறை இறங்கி மங்கும், கிரெய்ன் பருக்கும். இது தேய்மானத்தால் வந்த குறையில்லை. 1950ஆம் ஆண்டு முதல்நாள் பார்த்தவர்களும் இதைத்தான் பார்த்தார்கள். திரைப்படக் காப்பகங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு வகுத்த நெறி இங்கே வழிகாட்டுகிறது: காலமும் தேய்மானமும் சேர்த்தவற்றை நீக்கு, படைப்பின் இயல்பையும் படைத்தவரின் நோக்கத்தையும் மாற்றாதே. ஆகவே மங்கல் மங்கலாகவே இருக்கட்டும்.

நினைவில் இருந்த நிறம்

கறுப்பு வெள்ளையிலேயே இவ்வளவு என்றால் வண்ணப்படத்தின் பாடு பெரும்பாடு. டெய்னொசுகே கினுகாசாவின் 'கேட் ஆஃப் ஹெல்' (1953) ஈஸ்ட்மன்கலரில் எடுத்தது. கான் விழாவில் பெரும்பரிசையும், ஆடை வடிவமைப்புக்கான ஆஸ்காரையும் பெற்றது அதன் நிறத்துக்காகவே என்று சொல்லலாம். அந்தக் காலத்து ஈஸ்ட்மன்கலரின் சாயங்கள் நிற்பதில்லை. ஆண்டுகள் போகப்போக வெளுத்துவிடும். 2011இல் மீட்டெடுத்தபோது கைகொடுத்தவை மூன்று கறுப்பு வெள்ளைச் சுருள்கள். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களின் அளவையும் தனித்தனியாகப் பிரித்துக் கறுப்பு வெள்ளையில் பதிந்துவைத்த மாஸ்டர்கள் அவை. சாயம் வெளுக்கும், வெள்ளி வெளுக்காது. மூன்றையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தியபோது நிறம் திரும்பியது. இம்முறையில் உள்ள தலைவலி, மூன்று சுருள்களும் ஒரே அளவாகச் சுருங்கியிருக்காது என்பது. மயிரிழை பிசகினாலும் ஒவ்வொரு உருவத்தின் ஓரத்திலும் வண்ணக்கரை தெரியும்.

கோன் இச்சிகாவாவின் 'ஒடோடோ' (1960) இதற்கு நேர்மாறான பாடம். அதற்காக மியாகவா, பிரிண்ட் கழுவும்போது வழக்கமாக நீக்கிவிடும் வெள்ளியை நீக்காமல் விட்டுவிடும் முறையை உருவாக்கினார். நிறங்கள் அடங்கி, பழைய நாளின் சாம்பல் பூத்த தோற்றம் வந்தது. ஜப்பானியர் இதை 'கின்னொகோஷி', வெள்ளியை விட்டுவைத்தல் என்கிறார்கள். இந்தத் தோற்றம் இருப்பது பிரிண்டில், நெகட்டிவில் இல்லை. நெகட்டிவை மட்டும் நம்பி ஸ்கேன் செய்தால் கிடைப்பது, மியாகவா யாருக்கும் காட்ட விரும்பாத பளபளப்பான படம். மூலத்துக்குப் போனால் போதும் என்ற பொதுவிதி இங்கே செல்லாது.

அப்படியானால் யாரைக் கேட்பது? உடன் நின்றவர்களைத்தான். கென்ஜி மிஸோகுச்சியின் 'உகெட்ஸு' (1953) 2016இல் நியூயார்க்கின் சினெரிக் லேபில் மீட்டெடுக்கப்பட்டபோது, மியாகவாவிடம் நெடுங்காலம் உதவியாளராக இருந்த மசாஹிரோ மியாஜிமாவின் ஆலோசனையைக் கேட்டார்கள். மார்ட்டின் ஸ்கார்செசியின் ஃபிலிம் ஃபவுண்டேஷன் துணைநின்ற வேலை அது. ஓஸுவின் வண்ணப்படங்களுக்கு ஷோச்சிக்கு நிறுவனம் 2013 வாக்கில் புத்துயிர் ஊட்டியபோது, அவருடைய ஒளிப்பதிவுக் குழுவில் இருந்த தகாஷி கவாமட்டாவும், ஒளிப்பதிவாளர் மசாஷி சிகாமோரியும் நிறத்தை மேற்பார்த்தார்கள். ஓஸு அக்ஃபா ஃபிலிமைத் தேர்ந்ததே அதன் சிவப்புக்காக என்பார்கள். சட்டகத்தின் ஓரத்தில் வைத்த ஒரு சிவப்புக் கெண்டி எவ்வளவு சிவப்பு என்பதற்கு ஆவணம் இல்லை. பார்த்த கண் இருக்கிறது. அந்தக் கண்களுக்கும் வயதாகிறது. ஃபிலிமைப் பாதுகாக்க குளிர் அறை கட்டலாம். நினைவைப் பாதுகாக்க அதைக் கேட்டுப் பதிவதைத் தவிர வேறு வழியில்லை.

வீட்டுத் திரையின் நெருக்கடி

இத்தனை பாடுபட்ட ஆறு டெராபைட் கடைசியில் வீட்டுக்கு வருவது ஒரு வட்டில். இரட்டை அடுக்கு ப்ளூரேயின் கொள்ளளவு 50 ஜிபி. 4கே வட்டில் அதிகபட்சம் 100 ஜிபி. ப்ளூரேக்கு நூறில் ஒரு பங்காகச் சுருக்கினாலும் போதாது. சுருக்கும் மென்பொருளின் சிக்கனம் எங்கே இருக்கிறதென்றால், ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் மாறாத பகுதியைத் திரும்பத் திரும்ப எழுதாமல் இருப்பதில். கிரெய்னோ ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிதாக விழுவது. சும்மா இருக்கும் சுவரில்கூட அது கொதித்துக்கொண்டே இருக்கும். இடம் மிச்சப்படுத்தும் ஆசையில் கிரெய்னைத் துடைத்துவிட்டால் கோப்பு சிறுக்கும், படமும் 'சுத்தமாக' இருக்கும். கூடவே நடிகர் தோஷிரோ மிஃபுனேயின் நெற்றி வியர்வையும் நடிகை மச்சிகோ கியோவின் முகத்திரையின் இழையும் மெழுகாகிவிடும். கிரெய்ன் படத்தின்மேல் படிந்த தூசியில்லை. படமே அந்த வெள்ளி மணிகளால் ஆனது. கோலத்தில் புள்ளிகளை அழித்துவிட்டுக் கோட்டை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

வீட்டில் பார்ப்பதில் இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. தியேட்டரில் ஒரு கீறல் நொடியில் கடந்துபோகும், கண் மறந்துவிடும். வீட்டில் ரிமோட் கையில் இருக்கிறது. நிறுத்தலாம், ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தலாம், பழைய வட்டோடு ஒப்பிடலாம். 1950இல் யாரும் செய்ய நினைக்காத பரிசோதனை அது. விளைவு, வெளியிடும் நிறுவனங்கள்மேல் எல்லாவற்றையும் துடைத்துவிடும் நெருக்கடி. அதே ரிமோட் நல்லதும் செய்தது. அதிகம் துடைத்த வட்டுகளின் மெழுகு முகங்களை முதலில் கண்டுபிடித்துக் கூச்சல் போட்டவர்களும் இப்படி நிறுத்திப் பார்த்த ரசிகர்களே. இன்று பெயர்பெற்ற நிறுவனங்கள் கிரெய்னைக் காப்பாற்றியதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதற்கு அந்தக் கூச்சலும் ஒரு காரணம்.

ஒலியிலும் இதே கதை. பழைய ஒளிவழி ஒலித்தடத்தில் ஓயாத இரைச்சல் இருக்கும். இரைச்சல் நீக்கும் கருவி, எல்லா அலைவரிசையிலும் பரவிய 'ஸ்ஸ்ஸ்' என்ற ஓசையைத் தேடிக் குறைக்கும். மழையின் ஓசை எப்படிப்பட்டது? அதுவும் எல்லா அலைவரிசையிலும் பரவிய இரைச்சல்தான். காதுக்குத் தெரியும் வித்தியாசம் கருவிக்குத் தெரிவதில்லை. இரைச்சலை முழுக்கத் துடைத்தால், வாயிலின்கீழ் ஒதுங்கியவர்கள் ஊமை மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

மீட்டெடுத்த 'ரஷோமோன்' அமெரிக்காவின் கிரைட்டீரியன் வெளியீடாக 2012இல் ப்ளூரேயில் வந்தது. அந்த வட்டு கையில் கிடைப்பவர் வாயில் காட்சியில் ஒருமுறை நிறுத்திப் பார்க்கலாம். வெளிர் வானத்தை ஒட்டிய பகுதியில் கறுத்த கோடுகள் இருக்கும். அடுத்த ஃபிரேமுக்கு நகர்த்தினால் அவை இடம் மாறியிருக்க வேண்டும். மாறியிருந்தால் அது மை கலந்த மழை. எங்கோ ஓர் இருட்டறையில் திரை முன் உட்கார்ந்திருந்த ஒருவர், அழிக்கச் சொல்லித் தூண்டிய கணினியைத் தடுத்து, இது இருக்கட்டும் என்று விட்டுவைத்தது. படத்தின் இறுதியில் மழை ஓய்கிறது. விறகுவெட்டி ஒரு குழந்தையை ஏந்திக்கொண்டு வெளியே வருகிறார். அதுவரை மழை உண்மையில் பெய்திருந்தால்தான் அந்த வெளிச்சத்துக்கு அர்த்தம்.